கிராவல் லாரிக்கு முந்தி எழுதுவது

வரலாற்று வகுப்புக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றித் தெரிந்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். இரண்டு ஆண்டுகள் தப்பாமல் வரும். ஒன்று, இராமானுசர் அவதரித்ததாகச் சொல்லப்படும் 1017. மற்றது, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991. அதற்கப்புறம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, செல்போன் கம்பெனி வந்தது, ஒரகடத்தில் வரிசையாக வண்டிக் கம்பெனிகள் வந்தன என்று விறுவிறுவென்று எழுதுவார்கள். நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல சார், பொட்டக்காடு, ஏரி, வேலிக்காத்தான், அவ்ளோதான்” என்பார்கள். இவர்களில் பலருடைய தாத்தாக்கள் அந்த ஏரிகளுக்குக் கீழே நெல் விளைத்தவர்கள்.

எனக்கு இது தாங்காது. ஆராய்ச்சியாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய இந்தச் செங்கல்பட்டுச் சீமையைத் துருவித் துருவி எழுதியதுபோல் தமிழ்நாட்டில் வேறு நிலப்பகுதியைப் பற்றி எழுதியது குறைவு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அடுத்த சில ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பாறை அடுக்குகளையும் அவற்றில் உள்ள தாவரப் புதைபடிவங்களையும் விவரித்தார். பத்துக் கோடி ஆண்டுக்கும் மூத்த அந்த அடுக்குகள் புவியியலாளர்களிடம் இன்றைக்கும் இந்த ஊர்ப் பெயரால்தான் வழங்குகின்றன. அவருக்கு முன்பே, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தச் சீமையை ஊர் ஊராக அளந்தார். வீடு எத்தனை, எந்தச் சாதிக்கு எத்தனை வாசல், ஏரி, குளம், நஞ்சை, புஞ்சை, யாருக்கு என்ன மானியம் என்று ஏறக்குறைய 2000 ஊர்களின் கணக்கு அது. அதோடு தொடர்புள்ள ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் மிராசுதாரர்களோடு மோதிய கதையை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் இருந்த யூஜின் இர்ஷிக் 1994இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஜப்பானியப் பேராசிரியர் மிசுஷிமா சுகாசா பர்னார்டின் கணக்குகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, அந்தக் காலத்துக் கிராமத்தில் விளைச்சல் எப்படிப் பங்கு பிரிந்தது என்று ஆராய்ந்தார்.

இத்தனையும் ஆங்கிலத்தில், கனத்த அட்டையில், எங்கள் பிள்ளைகளின் ஒரு மாதப் பஸ் செலவை விழுங்கும் விலையில் இருக்கிறது. ஊரைப் பற்றிய அறிவு உலகம் சுற்றிவிட்டது, ஊருக்கு மட்டும் வந்து சேரவில்லை. வரலாறு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் செய்துவருவதெல்லாம் இந்தக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதுதான்.

என் முதன்மை வேலை கல்வெட்டு. படியெடுப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காற்று கிளம்புமுன் காலையில் தொடங்க வேண்டும். கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் தண்ணீர் விட்டு நார் பிரஷால் பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷோ ஆசிடோ கிட்டவே வரக் கூடாது. மேப்லித்தோ காகிதத்தை நனைத்துக் கல்லில் ஒட்டி, குமிழி நிற்காமல் நீவி, தட்டும் பிரஷால் சீராக அடித்துக்கொண்டே போனால் காகிதம் எழுத்துக்குள் இறங்கும். எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரிகிற நேரத்தில், ஈரம் முழுதும் காய்வதற்குள், துணி சுற்றிய திண்டில் மையைத் தொட்டு மேலே ஒற்ற வேண்டும். மை அதிகமானால் பள்ளத்தில் இறங்கி எழுத்து அடைந்துவிடும். குறைந்தால் தேய்ந்த எழுத்து தலைகாட்டாது. சரியாக வந்தால் கருப்பு நிலத்தில் வெள்ளை எழுத்தாக ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வாசகம் எழுந்து நிற்கும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் பட்டிகையில் இது எளிது. உருண்டைக் குமுதத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அடியில் உள்ள ஜகதியில் இப்போது பெரும்பாலும் படியே எடுக்க முடிவதில்லை. திருப்பணி என்று பிராகாரத்தின் தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள், கடைசி இரண்டு வரிகள் தரைக்கடியில் போய்விடுகின்றன. சில கோயில்களில் மணல்வீச்சு அடித்துக் கல்லைப் பளபளவென்று ஆக்கியதில் எழுத்தின் விளிம்பே மழுங்கிப் போயிருக்கிறது. பக்தியோடு செய்ததுதான், ஆனாலும் போன எழுத்து போனதுதான். அந்தக் கோயில்களுக்கெல்லாம் இன்று நமக்குத் துணை, நூறு ஆண்டுக்கு முன்பு கல்வெட்டுத் துறையினர் எடுத்துவைத்த மைப்படி. அந்த மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மணிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்திலிருந்து தாம்பரம் போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் ஊர். சாளுக்கியப் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களங்களில் ஒன்றாகச் செப்பேடுகள் சொல்லும் இடம். கல்கி அந்தப் போரை நாவலில் வைத்ததால் பெயராவது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்க் கோயில் சுவர்களில் உள்ள சோழர் கல்வெட்டுகள்தான் எனக்குப் பெரிது. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1899இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் மணிமங்கலத்துக்குத் தனியாக இடம் உண்டு. சயங்கொண்ட சோழமண்டலத்துச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டு ஊர் என்று முகவரி சொல்லும் கல்வெட்டுகள் அவை. இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் மூவருடைய புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகளும் அங்கே உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றின் சில அத்தியாயங்களை எழுத இந்தச் சுவர்கள்தான் கைகொடுத்தன. வீரராசேந்திரன் கல்வெட்டில் ஒரு காட்சி வரும்: சாளுக்கிய மன்னன் தானே நாள் குறித்துப் போருக்கு அழைக்கிறான். சோழப் படை கரந்தையில் போய் நிற்கிறது. அவன் வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, துங்கபத்திரைக் கரையில் வெற்றித் தூண் நாட்டித் திரும்புகிறார்கள். துங்கபத்திரையில் நடந்தது இந்த ஏரிக்கரை ஊரில் கல்லில் ஏறியிருக்கிறது.

இதை ஆய்விதழுக்கு எழுதும்போது ஒரு முறை உண்டு. வரி எண் போட்டு, சிதைந்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் வைத்து, கிரந்த எழுத்தைத் தடித்த எழுத்தில் காட்டி, ஆட்சியாண்டைக் கிழமையோடும் நட்சத்திரத்தோடும் ஒத்துப் பார்த்து ஆங்கில ஆண்டைக் கணிக்க வேண்டும். சோழர் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஏன் அப்படிப் படித்தோம் என்று காரணம் சொல்லியாக வேண்டும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். அடுத்து வருகிறவர் நம்மைத் திருத்துவதற்கு வழி வைத்துவிட்டுப் போகிற எழுத்து அது.

ஊருக்கு எழுதும்போது அதே கல்வெட்டு வேறு இடத்தில் கனக்கிறது. ஊர்க்காரர்கள் போரை ஒருமுறை கேட்டுவிட்டு நிலத்துக்கு வந்துவிடுவார்கள். சபை எந்த நிலத்தை விற்றது, அதற்கு எந்த ஏரித் தண்ணீர், எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, வரியை யார் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்? மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு வரும் இந்தப் பகுதியைப் பழைய ஆய்வாளர்கள் விரைவாகக் கடந்துவிடுவார்கள். எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அதற்கு நேர்மாறு. “ராஜாவை எல்லாரும் படிச்சாச்சு, நீ எல்லையைப் படி” என்பார். எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்களையும் ஊர்களையும் நிலங்களையும் எண்ணி அடுக்கிக் காட்டிய பிறகு, இந்தப் பகுதிக்குத்தான் ஆய்வுலகிலும் மதிப்பு கூடியது. ஊர் மக்கள் கேட்ட கேள்வியும் அவர்கள் கேட்ட கேள்வியும் ஒன்றாக இருப்பது எனக்குப் பெரிய தெம்பு.

ஊருக்கு எழுத இடம் எங்கே என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பார்கள். தேடிப் போக வேண்டியதில்லை. குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நூலக வாரவிழா மலர் எல்லாம் எப்போதும் கட்டுரைக்காகக் காத்திருக்கின்றன. வாழ்த்துச் செய்திகளுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே நான்கு பக்கம் கொடுப்பார்கள். அந்த நான்கு பக்கத்தை ஊரே எழுத்துக்கூட்டிப் படிக்கும். அதற்கு அடுத்த படி ‘ஆவணம்’. தமிழகத் தொல்லியல் கழகம் தஞ்சையிலிருந்து 1991 முதல் நடத்திவரும் இதழ். கல்லூரி ஆசிரியர், பள்ளி ஆசிரியர், ஆர்வலர் என்று யார் புதிய கல்வெட்டு கண்டாலும் தமிழிலேயே வாசகத்தோடு வெளிவரும். திருச்சியில் கண் மருத்துவராக இருந்துகொண்டே இரா. கலைக்கோவன் எழுதிக் குவித்த கோயிலாய்வுகளையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் ஆய்வின் தரம் குறையும் என்று பேசுகிறவர்களுக்கு அவர் நூல்களைக் கையில் கொடுப்பேன்.

ஆனால் பதவி உயர்வுக் கணக்கு வேறு. 2019இல் ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யுஜிசி ‘கேர்’ பட்டியல் வந்தது. பட்டியலில் இருந்த இதழில் அச்சானால்தான் புள்ளி என்றார்கள். மலருக்கு எழுதியது கணக்கிலேயே வரவில்லை. நாலு பேர் படிக்காத இதழில் பணம் கட்டி அச்சிட்டுப் புள்ளி வாங்கியவர்களும் உண்டு, பட்டியலுக்கு வெளியே அருமையாக எழுதி ஊதிய உயர்வை இழந்தவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலை யுஜிசியே கைவிட்டது. இடையில் போன ஆண்டுகளில் ஊர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டிய இளம் ஆசிரியர்களின் உழைப்பு போனதுதான் எனக்கு ஆற்றாமை.

எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. எழுதுவது இருக்கட்டும், எந்த இடம் என்று சொல்லலாமா? ஒரகடத்தைச் சுற்றிச் செம்புரான் மேடுகள் நிறைய. அந்தச் செம்மண் கிராவல்தான் தொழிற்சாலைத் தளத்தை மேடாக்கவும் சாலை போடவும் போகிறது. கற்காலக் கருவிகள் கிடப்பதும் அதே கிராவலில்தான். பழங்கால ஈமக் கல்வட்டங்கள் நிற்பதும் பெரும்பாலும் அதே மேட்டில்தான். ஒரு மேட்டில் கல்வட்டம் இருக்கிறது என்று பத்திரிகையில் வந்தால் இரண்டு விதமான ஆட்கள் தேடி வருவார்கள். தாழியில் தங்கம் இருக்கும் என்று ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் ஒரு வகை. மற்றவர், நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் பயம் நியாயமானது. ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: “சார், நீங்க இதப் பேப்பர்ல போட்டா நெலத்துக்கு எதனா வில்லங்கம் வருமா? பொண்ணு கல்யாணத்துக்கு விக்கணும்.”

அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். மத்திய அரசு அறிவித்த பாதுகாப்புச் சின்னமாக இருந்தால்தான், தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கட்டுரையில் பெயர் வந்ததாலேயே ஒரு நிலம் அந்தச் சட்டத்துக்குள் போய்விடாது. முழுதாக நம்பினாரா தெரியாது, ஆனால் டீ வாங்கிக் கொடுத்து மேட்டைக் காட்டினார். அன்று முதல் நான் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். சர்வே எண்ணும் அளவும் படமும் தொல்லியல் துறைக்கு எழுத்தில் போகும். ஆய்விதழுக்கு ஊர்ப் பெயரும் திசையும். மலருக்கும் செய்தித்தாளுக்கும் ஊர்ப் பெயர் மட்டும். எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் நேர்மை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஒருமுறை இரவில் குடைந்துபோட்ட ஈமக்குழியை வந்து பார்க்க வேண்டும். மண்டையோடும் கருப்பு சிவப்புப் பானை ஓடும் ஒன்றாக உடைத்து வீசப்பட்டிருக்கும்.

சர்வே எண் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில் தாமதம் கூடாது. இங்கே கிராவல் லாரி அறிக்கைக்குக் காத்திருக்காது. இந்த மண்ணுக்கடியில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரகடத்துக்குப் பக்கத்து வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022இல் தோண்டியபோது, சுமார் 12,000 ஆண்டுப் பழமை என்று அகழாய்வாளர்கள் சொன்ன கற்கருவிகள் கீழடுக்கிலும், சங்க காலச் செங்கல் கட்டுமானமும் ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் மேலடுக்கிலும் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் பொன்னும் கிடைத்தன. மேற்குக் கடல் கடந்து வந்த சாடி இப்போதைய கார் ஏற்றுமதிச் சாலையின் ஓரத்தில்! அந்த வாரம் வகுப்பில் பாடம் நடத்தவே விடவில்லை பிள்ளைகள். “நம்ம ஊரா சார், நம்ம ஊரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

செய்தி ஒரு வாரத்தில் வந்துவிடும். அறிக்கை வருவதுதான் பாடு. ஆதிச்சநல்லூரில் 2004ஐ ஒட்டி நடந்த அகழாய்வின் அறிக்கைக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. கீழடியின் முதல் இரண்டு கட்டங்களுக்கு அகழாய்வை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை, திருத்தம் வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் திருப்பி அனுப்பியது. அதே கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 2018இல் நடத்திய நான்காம் கட்டத்தின் முடிவுகளை 2019 செப்டம்பரிலேயே சிறு நூலாக, சாதாரண மனிதர் வாங்கும் விலையில் வெளியிட்டது. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். முழு அறிக்கைக்கு அது ஈடாகாது என்பது உண்மைதான். ஆனாலும் முதல் ஆண்டிலேயே சிறு நூல், பிறகு முழு அறிக்கை என்பதுதான் ஒழுங்கு. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு 2011இல் ‘சயன்ஸ்’ இதழிலும் 2018இல் ‘நேச்சர்’ இதழிலும் வந்தது. அதே குழுவினர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொல்லியல் சொல்லிக்கொடுப்பதையும் விடாமல் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆட்களால் செய்ய முடியும்.

ஊருக்கு எழுதினால் ஊர் திருப்பிக் கொடுக்கும். ஓர் ஏரியின் தூம்புக் கல்லில் இருந்த கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் எல்லையாக வரும் ஒரு வாய்க்காலைக் களத்தில் காண முடியாமல், ‘அடையாளம் காணப்படவில்லை’ என்றே ஆய்விதழில் அச்சிட்டிருந்தோம். அதன் எளிய வடிவம் கோயில் மலரில் வந்த பிறகு, ஏரி மதகைக் கவனிக்கும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் பேரனோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். “வாய்க்கா எங்கயும் போகல வாத்தியாரே, கம்பெனி காம்பவுண்டுக்குள்ள கீது” என்றார். காவலாளியிடம் பேசி, மனிதவளப் பிரிவில் அனுமதி வாங்கி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மழைநீர் வடிகாலாகக் கான்கிரீட் பூசியிருந்தார்கள். ஆனால் வளைவு அதேதான். எந்த முறைக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்தப் பக்கம் முதலில் திறப்பது என்று காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். கல்வெட்டு சொல்லும் கிழக்கெல்லை நிலம் இன்று லாரி நிறுத்துமிடம். அடுத்த கட்டுரையின் அடிக்குறிப்பில், அவர் சம்மதத்தோடு, பெயரைப் போட்டேன். மதிப்பீட்டாளர் ஒருவர் வாய்மொழியை ஆதாரமாகக் காட்டுவதை நீக்கச் சொன்னார். நான் நீக்கவில்லை, காரணத்தை எழுதி அனுப்பினேன், இதழாசிரியர் ஏற்றுக்கொண்டார். முப்பது ஆண்டு மதகு திறந்து மூடியவருடைய சொல்லுக்கு, ஒருநாள் குதிரையில் வந்துபோன துரையின் குறிப்புக்கு உள்ள மதிப்பாவது வேண்டும்.

இப்போது பிள்ளைகளோடு வேறொன்றையும் தொடங்கியிருக்கிறேன். 2006இல் திறந்து 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலை அவர்களுக்கு வரலாறு. அக்காக்களுக்கும் அம்மாக்களுக்கும் அது வயதின் ஒரு பகுதி. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தத்தை இவர்களே பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, கம்பெனி பஸ் அட்டை, ஹாஸ்டல் விதித்தாள், துண்டறிக்கை, கட்டாய ஓய்வுக் கடிதம் எல்லாம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. இவை கிழிந்து எடைக்குப் போவதற்குள் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி, கொடுத்தவரின் வாய்மொழியைப் பக்கத்தில் பதிந்துவைக்கிறோம். கல்வெட்டுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்குதான்: பார்த்ததை ஒரு பக்கம், ஊகித்ததை வேறு பக்கம். இப்போதும் வேலையில் இருப்பவர் பெயரை அச்சில் போடுவதில்லை. விட்டு வந்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறோம். ஒரு மாணவியின் தாய், எட்டாண்டு கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கொடுத்தார். பெயரை மறைக்கட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு சார் மறைக்கணும்? முழுப் பேரையும் போடுங்க, லைன் நம்பரையும் சேத்துப் போடுங்க” என்றார். துறையின் அடுத்த ஆண்டு மலருக்கு அந்தப் பக்கம் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. மணிமங்கலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளின் எளிய தமிழ் வாசகமும் அதே மலரில் வருகிறது.